குசினி மேசனுக்குக் கீழ் ஒரு ஆள்

பஸ்ரியாம்பிள்ளை ஓடுகிறார் என்றால் எங்கேயோ ஒரு வீட்டில் சமைக்கிற குசினி கட்டி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

புதிதாகக் கட்டின அடுப்புக்குள் பச்சைப் பனையோலையைத் திணித்து நெருப்பு வைப்பார். ஓலை சீறிப் புகையத் தொடங்கியதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலால் பாய்ந்து, முற்றம் கடந்து, படலை கடந்து, றோட்டில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பார். புகைக்கூட்டால் புகை நேரே எழும்பினால் சரி. மடங்கிக் கூரைக்குள் இறங்கினால் பிழை. பிழை என்றால் திரும்பவும் உள்ளே ஓட்டம். ஒரு கல்லை நகர்த்திவிட்டு மறுபடி வெளியே. ஐம்பத்திரண்டு வயது மனிதர், முழங்கால் வரை சுண்ணாம்பு, மூக்கு நுனியில் கரி.

"என்ன மேசன், வீடு பத்துதோ?" வேலிக்கு மேலால் இப்படிக் கேட்காத பெண்பிள்ளை வேலணையில் இல்லை.

"இல்லைப் பிள்ளை, புகை பாக்கிறன்."

"புகை உமக்கு முந்தியே வந்து றோட்டிலை நிக்குது. ஆறுதலா வாரும்!"

இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை அது. ஒருவர் அடுப்படியில் நிற்க, மற்றவர் வெளியே நின்று பார்த்துச் சொல்லவேண்டும். பஸ்ரியாம்பிள்ளை இரண்டு பேருமாகத் தானே ஓடிக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருடமாக அப்படித்தான்.

ஊர்காவற்றுறைக் கரையில் பிறந்தவர் அவர். தகப்பன், தமையன்மார், மச்சான்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டிச் சத்தி வரும். இரண்டு முறை முயன்று பார்த்த தகப்பன் மூன்றாம் முறை கரையிலேயே இறக்கிவிட்டு, "நீ மீனுக்குச் சாப்பாடு போடுறதுக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சுண்ணாம்பு குழைக்கப் போனவர் அப்படியே மேசன் ஆனார். கலியாணமும் அதே கல்லில்தான் தடுக்கியது. பெண் கேட்டுப் போன இடத்தில், "மாப்பிளை கடலுக்குப் போறேல்லையோ?" என்று கேட்டார்களாம். "இல்லை, குசினிக்குத்தான் போவார்" என்று கூடப் போன மச்சான் வாய் தவறிச் சொல்லிவிட்டான். கேட்டவர்கள் சிரித்துச் சிரித்தே சம்பந்தம் கலைந்தது.

ஆனால் மச்சான் சொன்னது உண்மை. வீடு கட்ட ஊரில் எத்தனையோ மேசன்மார் இருந்தார்கள். பஸ்ரியாம்பிள்ளை குசினியைத் தவிர வேறொன்றும் கட்டுவதில்லை. கொழும்பில் வேலை பார்க்கிற மகன் லீவில் வருவான். முதல் நாளே கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அம்மா, உந்தக் குசினியைத் திருத்தவேணும். நீங்கள் சமைக்கிறியளோ, கருவாடு போடுறியளோ?" என்பான். அடுத்த நாளே பஸ்ரியாம்பிள்ளைக்கு ஆள் போகும். அவர் வந்து பழைய கூரையைப் பிரித்து, அடுப்பை உயர்த்தி, சுவரோடு புகைக்கூடு ஏற்றிக் கொடுப்பார்.

வேலை நடக்கிற ஒரு மாதமும் அந்தக் குசினி அவருடையது. அங்கேதான் மத்தியானம் படுப்பார், அங்கேதான் தேத்தண்ணி குடிப்பார். வீட்டுக்காரி வந்து, "மேசன், உந்த மாடத்தை ஒரு சாண் பதிச்சு வையுமன், எனக்குக் கை எட்டாது" என்பாள். அவளுடைய கை எட்டும் உயரம் அவருக்குத் தெரியும். உப்புச் சாடி எங்கே இருக்கும், எந்தப் பக்கம் குந்தியிருந்து தேங்காய் துருவுவாள் என்பதெல்லாம் தெரியும்.

பிறகு ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவார்கள். அதற்கு முன் வீட்டுக்காரி மஞ்சள் தண்ணி கொண்டுவந்து, மேசன் கால் பட்ட நிலமெல்லாம் தெளிப்பாள். சைவக் குசினி. இவரோ மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், மீன் தின்கிற கரையோரத்து ஆள். பால் பொங்கிய அந்த நிமிடத்திலிருந்து அவர் அந்த வாசற்படி ஏறக்கூடாது. யாரும் கோபமாகச் சொல்வதில்லை. வேலியோரம் பலகை போட்டு, இலை போட்டு, வடை பாயசத்தோடு நல்ல சாப்பாடு கொடுப்பார்கள். புது வேட்டியும் கொடுப்பார்கள். அவர் அங்கிருந்தபடி தன் புகைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

அப்படி அறுபத்துமூன்று குசினி. ஒன்றுக்குள்ளும் போக ஏலாது. சைக்கிளில் போகும்போது தூரத்தில் ஒரு புகையைக் கண்டு, "இராசமணியக்கா இண்டைக்குப் பிந்திட்டா" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். கேட்க ஆள் இருந்தால் அல்லவா வெளியே சொல்ல?

1974ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள், கிராமச் சங்கத்துப் பிரசவ விடுதியைக் கடந்து போகும்போது சைக்கிளை நிறுத்தினார். புகைக்கூடு சும்மா நின்றது. புகை முழுக்கப் பிள்ளைப்பெற்ற பெண்கள் படுத்திருக்கிற அறையின் யன்னலால் வந்துகொண்டிருந்தது. உள்ளே நாலைந்து பச்சைப்பிள்ளைகள் ஒரே சுருதியில் கத்தின.

பின்பக்கம் போய்ப் பார்த்தார். குசினிக்குள் சமையற்காரி றோசம்மா கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சுடுதண்ணிக் கிடாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெருத்த உடம்பு, பெருத்த குரல்.

"ஆர் அது? புருசன்மார் முன்பக்கத்தாலை!"

"நான் புருசன் இல்லை. மேசன்."

"மேசனெண்டால் ஏன் படியிலை நிக்கிறீர்? உள்ளை வந்து பாருமன் இந்தக் கண்றாவியை."

பஸ்ரியாம்பிள்ளை உள்ளே போனார். அண்ணாந்து பார்த்தார். கூட்டின் கழுத்தில் பிழை. அடுப்பும் ஒரு முழம் தள்ளியிருந்தது. இரண்டு கிழமை வேலை. ஆனால் அவர் கேட்டது வேறு.

"இது திருத்தி முடிச்ச பிறகும் ஆக்கள் உள்ளை வரலாமோ?"

"என்ன விசர்க் கேள்வி! இது என்ரை வீடே? சங்கத்துக் குசினி. நாய் பூனை தவிர ஆரும் வரலாம். நாயும் வருகுதுதான்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் சோறு வடிக்க மறந்துபோனார். ஒரு குசினி. கட்டி முடிந்தபிறகும் உள்ளே போய் நிற்கக்கூடிய ஒரு குசினி. எப்படியும் இந்த வேலையைத் தானே செய்யவேண்டும்.

சங்கக் கந்தோரில் கிளாக்கர் ஆழ்வாப்பிள்ளை இருந்தார். மூக்கால் பேசுகிற மனிதர். வாய்க்குள் வெற்றிலை இருக்கும்போது மூக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

"ங்... நீர் திருத்துவீர். அது ஊருக்குத் தெரியும். கடதாசிக்குத் தெரியாதே! பதிவு செய்த கொந்தராத்துக்காரர்தான் ரெண்டருக்கு விலை எழுதிப் போடலாம். பதிவு கிடக்கோ?"

"இல்லை ஐயா. அறுபத்துமூண்டு குசினி கிடக்கு."

"அதுகளைக் கொண்டுவந்து மேசையிலை வைக்க ஏலுமோ? ஏலாது. இந்தா, விண்ணப்பம். உமக்குக் கீழை வேலை செய்யிற ஆக்களின்ரை பெயர் எழுதவேணும். ஆளுக்கு ஏதும் நடந்தால் நட்டஈடு குடுக்கக் காப்புறுதி எடுத்த துண்டும் வேணும்."

"நான் தனிச்சுத்தான் வேலை செய்யிறனான்."

ஆழ்வாப்பிள்ளை வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். "தனிச்சுச் செய்தால் நீர் கூலிக்காரன் காணும். கீழை ஒரு ஆளாவது இருந்தால்தான் கொந்தராத்துக்காரன். வாற மாதம் பத்தாந் திகதி பின்னேரம் நாலு மணியோடை ரெண்டர் பெட்டி பூட்டு."

காப்புறுதி ஏஜெண்ட் அப்புத்துரை ஊர்காவற்றுறைச் சந்தியில் பிடிபட்டார். ஆழ்வாப்பிள்ளைக்கு நேர் எதிர். கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர் போல, முகம் முழுக்கச் சிரிப்போடு விபத்துகளைச் சொல்லுவார்.

"மேசன் வேலையோ? அருமையான வேலை! விழலாம், கல்லு விழுத்தலாம், சுவர் சரியலாம், சுண்ணாம்பு கண்ணுக்குள்ளை போகலாம்! ஒண்டும் நடவாது, மாதா காப்பாத்துவா. நடந்தால் நாங்கள் இருக்கிறம். ஆளின்ரை பெயரைச் சொல்லும்."

பஸ்ரியாம்பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது. "தம்பு."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. சுருவில் ஊர்த் தம்பு. பதினொரு வருடம் இரண்டு பேருமாகக் கட்டினார்கள். பஸ்ரியாம்பிள்ளை அடுப்படியில், தம்பு கூரைமேல். கூட்டின் வாயடியில் குந்தியிருந்து, "வருகுது! வருகுது! நேரே!" என்று கத்துவது தம்புவின் வேலை. 1961இல் ஒரு நாள், தம்பு சரியாகக் குந்தி இருக்கமுதலே பஸ்ரியாம்பிள்ளை அவசரப்பட்டு ஓலையைக் கொளுத்திவிட்டார். புகை முகத்தில் அடிக்க, தம்பு கையை விட்டான். இடுப்பும் வலது காலும் போயின. முதல் இரண்டு மாதம் பஸ்ரியாம்பிள்ளை ஆசுப்பத்திரிக்கும் சுருவிலுக்கும் போய் வந்தார். பிறகு, தடியூன்றி நடக்கிறவனைப் பார்க்க முடியாமல், ஒரு கிழமை போகாமல் விட்டார். ஒரு கிழமை விட்டதற்கு வெட்கப்பட்டு ஒரு மாதம் விட்டார். மாதத்துக்கு வெட்கப்பட்டு வருடம். அப்படியே பதின்மூன்று.

"தம்பு," என்று அப்புத்துரை எழுதிக்கொண்டார். "அவருக்கு ஏதும் நடந்தால் காசு ஆருக்கு?"

"பெண்சாதிக்கு. அன்னபூரணம்."

"நல்லது. நீர் உமக்கும் ஒண்டு எடுத்து வையுமன். உமக்குப் பிறகு ஆர்?"

பஸ்ரியாம்பிள்ளை யோசித்தார். தமையன்மார் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளான பெறாமக்களுக்கு இவர் முகமே சரியாகத் தெரியாது.

"எழுத ஆள் இல்லை."

"பறவாயில்லை, பறவாயில்லை, கோடு ஒண்டு இழுத்துவிடும்!" என்றார் அப்புத்துரை அதே சிரிப்போடு. பஸ்ரியாம்பிள்ளை இழுத்தார். நூல் பிடித்த மாதிரி நேரான கோடு. "தம்புவின்ரை கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வாரும்."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவர் சுருவில் பக்கம் சைக்கிளைத் திருப்பவில்லை. வேறு ஆள் பார்க்கலாம் என்று நினைப்பார். யாரைப் பார்ப்பது? கூலிக்கு நிற்கிற பெடியளுக்குப் புகையும் தெரியாது, பொறுமையும் இல்லை. கடைசியில் எட்டாந் திகதி, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, தீர்ப்புக்குப் போகிறவர் மாதிரிப் போனார்.

தம்பு முற்றத்தில் சாக்கில் இருந்து சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்து ரியூப்பைத் தண்ணிக்குள் அமத்தினான்.

"அன்னம், இஞ்சை வா. ஆரோ வழி தெரியாமல் வந்திட்டினம்."

அன்னபூரணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, பஸ்ரியாம்பிள்ளை அண்ணையெல்லே!"

"பஸ்ரியானோ? அவன் செத்துப் பதின்மூண்டு வருசமெல்லே. நான் திவசமே குடுத்திட்டன்."

பஸ்ரியாம்பிள்ளை கடதாசியை நீட்டினார். "கையெழுத்து ஒண்டு வேணும், தம்பு. காப்புறுதி."

தம்பு கையைத் துடைத்து, கடதாசியை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுக்க வாசித்தான். வாசிக்க வாசிக்க அவனுடைய மீசை துடித்தது.

"தொழிலாளி விழுந்தால் நட்டஈடு. ஓகோ. பதின்மூண்டு வருசம் கழிச்சு எனக்குக் காப்புறுதி செய்ய வந்திருக்கிறாய். ஒரு காலுக்கோ, ரெண்டுக்குமோ?"

"தம்பு..."

"எடேய், கால் போனதுக்கு நான் உன்னை ஒரு சொல்லுச் சொன்னனானோ? இவளைக் கேள். ஒரு சொல்லு? ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் படலையைப் பாத்துக்கொண்டிருந்தனான். 'வருவான், வருவான்' எண்டு இவளுக்கும் சொல்லி. எத்தினை ஞாயிறு எண்டு நீயே கணக்குப் பார்."

ரியூப்பின் ஓட்டையால் தண்ணிக்குள் குமிழி வந்துகொண்டிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"வர வெக்கமாக் கிடந்தது," என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"இப்ப வெக்கம் எங்கை போட்டுது?"

"இப்பவும் கிடக்கு. குசினி ஒண்டு கட்டவேணும். ஆள் இல்லாட்டி விடமாட்டினமாம்." பிறகு, கேட்காமலே, பிரசவ விடுதியைப் பற்றிச் சொன்னார். புகை, கத்துகிற பிள்ளைகள், பால் காய்ச்சின பிறகும் உள்ளே போகலாம் என்று றோசம்மா சொன்னது, எல்லாம். கடைசி விஷயத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னார். தம்பு அதைக் கவனித்தான்.

"வேலைக்கு வராமல் கையெழுத்துப் போட நான் என்ன வாக்காளர் இடாப்பிலை கிடக்கிற செத்த ஆளோ?" என்றான் தம்பு. "போட்டால் வேலைக்கு வருவன்."

"உன்னாலை கூரைக்கு..."

"கூரை ஆருக்கு வேணும்? றோட்டிலை ஒரு கதிரை போடு. புகையை அங்கையிருந்து பாக்கிறன். காலாலையே புகை பாக்கிறது?"

அன்னபூரணம் மெல்லச் சொன்னாள். "ஆவணி வரைக்குந்தான் அண்ணை. மூத்தவன் கிளிநொச்சியிலை காணி வெட்டி மிளகாய் வைச்சிருக்கிறான். ஆவணியோடை நாங்களும் அங்கை போறம். வீட்டையும் கேட்டு ஆக்கள் வந்திட்டினம்."

தம்பு கையெழுத்துப் போட்டான். பஸ்ரியாம்பிள்ளை பத்தாந் திகதி மூன்றரை மணிக்குப் பெட்டிக்குள் கடதாசியைப் போட்டார். பெட்டி திறந்ததும் ஆழ்வாப்பிள்ளை காப்புறுதித் துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "ங்... கொந்தராத்துக்காரர் வந்திட்டார்" என்றார். மனிதர் எழும்பி நின்று ஒரு கதிரையைக்கூட நகர்த்தினார். வேறு ஒருவரும் ரெண்டர் போடவில்லை. குசினி திருத்துகிற வேலைக்குப் பதிவு செய்த பெரிய கொந்தராத்துக்காரர்கள் மினக்கெடுவார்களா?

சீமெந்து வாங்க அரசாங்கப் பெர்மிற் கையில் வர ஆடி மாதம் ஆகிவிட்டது. பிறகு வேலை மூன்று கிழமை நடந்தது. காலையில் பஸ்ரியாம்பிள்ளை சைக்கிள் கரியரில் சாக்கு விரித்துத் தம்புவை ஏற்றிக்கொண்டு வருவார். ஏறும்போதும் இறங்கும்போதும் தம்பு ஊருக்கே கேட்கக் கத்துவான்: "கவனமாத் தூக்கு! காப்புறுதி ஆள்! கீறல் விழுந்தால் அப்புத்துரை வந்திடுவார், சிரிச்சுக்கொண்டு!" படுத்திருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அந்தாளைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ, தையல் அறப்போகுது!" என்று மருத்துவிச்சி வந்து சத்தம் போட்டாள்.

பஸ்ரியாம்பிள்ளை அதிகம் பேசவில்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தம்பு ஒன்று கேட்டால் மறுமொழி வர ஒரு கல் வைக்கிற நேரம் ஆகும். சில வேளை மறுமொழி வருவதற்குள் தம்பு அடுத்த கதைக்குப் போய்விடுவான்.

புகை பார்க்கிற நாள் வந்தது. தம்பு றோட்டில் கதிரையில் இருந்தான். பஸ்ரியாம்பிள்ளை ஓலையைத் திணித்துவிட்டுக் காத்திருந்தார்.

"இருந்திட்டியோ?" என்று கேட்டார்.

"இருந்து அரை மணித்தியாலம்!"

"வடிவா இருந்திட்டியோ?"

"எடேய், கதிரையிலை இருக்கிறன், கூரையிலை இல்லை. கொளுத்தடா!"

அதன்பிறகுதான் கொளுத்தினார். ஓலை சீறியது. கால்கள் வாசலுக்கு ஓடப் பார்த்தன. அடக்கிக்கொண்டு அடுப்படியில் குந்தினார். வெளியிலிருந்து குரல் வந்தது: "வருகுது! வருகுது! நேரே! கொடிமரம் மாதிரி நேரே!" கண்ணில் தண்ணி வந்தது. குசினிக்குள் துளிப் புகை இல்லை என்பதால் புகைமேல் பழி போடவும் முடியவில்லை.

ஆவணி ஏழாந் திகதி சங்கத் தலைவர் வந்தார், பேசினார், போனார். பால் பொங்கியது. அடுத்த திங்கட்கிழமை தம்புவும் அன்னபூரணமும் பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ்ரியாம்பிள்ளை தம்புவைத் தூக்கி ஏற்றிவிட்டார்.

"வா, ஒருக்கா," என்றான் தம்பு யன்னலால். "அங்கையும் குசினி இருக்கு."

"வாறன்."

"நீ வரமாட்டாய். கடதாசி எண்டாலும் போடு."

பஸ் போனது. பஸ்ரியாம்பிள்ளையிடம் விலாசம் இல்லை. அதைக் கேட்க மறந்தது பஸ் வேலணை தாண்டிப் போயிருக்கும் நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது.

பிறகு ஐந்து நாள் பொறுத்தார். முடிந்த கையோடு குசினிக்குப் போய் நின்றால் நன்றாயிருக்காது என்று நினைத்தார். ஆறாம் நாள் காலை, குளித்து, விடுதியின் பின்பக்கமாகப் போனார். குசினிக் கதவு திறந்து கிடந்தது. படியடியில் நின்றார். உள்ளே போக யாரும் தடுக்கவில்லை. மஞ்சள் தண்ணி தெளிக்கவில்லை. என்றாலும் கால் எழும்ப நேரம் எடுத்தது. வலது காலைத் தூக்கி வைத்தார். பிறகு இடது கால்.

உள்ளே றோசம்மா ஒரு கையால் சோறு வடித்துக்கொண்டு மறு கையால் பத்தியக் கறிக்கு அரைத்த சரக்கை அம்மியிலிருந்து வழித்துக்கொண்டிருந்தாள். காற்று சுத்தமாக இருந்தது. பானைகள் அவர் வைத்த தட்டில் இருந்தன. அவர் நினைத்திராத ஒழுங்கில் இருந்தன. பெரியது கீழே, சிறியது மேலே. அதுவும் நல்லதுதான்.

"மேசனோ? எங்கை பிழை?" என்றாள் அவள் திரும்பாமலே.

"பிழை ஒண்டும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு வந்தனீர்? பில் காசு கந்தோரிலை."

"அது தந்திட்டினம்."

"பின்னை?"

அறுபத்துநாலு குசினி கட்டினவர், இதுவரை ஒரு குசினிக்கும் விருந்தாளியாகப் போனதில்லை. எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புகைக்கூட்டை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். அது ஒழுங்காக இருந்தது.

"சும்மாதான்," என்றார்.

றோசம்மா அப்போதுதான் திரும்பினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்த தலை. அவள் சிரிக்கவில்லை.

"சும்மா வாறதெண்டால் பின்னேரம் மூண்டு மணிக்கு மேலை வாரும். காலமை எனக்கு மூச்சு விட நேரமில்லை. வரேக்கை தேத்தண்ணிக்கு உம்மடை சீனியைக் கொண்டு வாரும். இஞ்சை பிள்ளைப்பெத்ததுகளுக்கே கூப்பன் சீனி காணாது."

"ஓம்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. வழியை மறித்துக்கொண்டு நிற்பது தெரிந்து, விலகி, வெளியே வந்தார்.

அன்றைக்கே பின்னேரம் வந்தார். சேட்டுப் பையில் சுருட்டின கடதாசிச் சரையில் இரண்டு தேக்கரண்டி சீனி. முன்பக்க மணிக்கூட்டை எட்டிப் பார்த்தார். மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிடம் கிடந்தது. உள்ளே அவள் யாரையோ ஏசுகிற சத்தமும், பாத்திரம் கழுவுகிற சத்தமும் கேட்டது. பஸ்ரியாம்பிள்ளை கிணற்றடி மரநிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, மூன்று மணி ஆகட்டும் என்று நின்றார்.